சுருங்கிய வெள்ளைத் திட்டு

கருப்பை வாயைப் பரிசோதிக்கும் மருத்துவர், பஞ்சை அசெட்டிக் அமிலத்தில் நனைத்து அதன் மேல் ஒற்றி எடுப்பார். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். 3 முதல் 5 சதவீத அளவுக்கு நீர்த்தது. ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பு மாறாமல் இருக்கும். செல்கள் தடம் மாறத் தொடங்கிய இடம் மட்டும் மெல்ல வெளுத்து, ஓரம் தெளிந்து, ஒரு திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். அங்கே செல்களின் உட்கருக்கள் பெருத்து நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அமிலம் பட்டதும் அவற்றின் புரதம் சற்று நேரம் இறுகி, விளக்கொளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. அதுதான் அந்த வெண்மை. சில நிமிடங்களில் மங்கிவிடும். அடுத்தது அயோடின். முதிர்ந்த நல்ல செல்களில் கிளைக்கோஜன் சேர்ந்திருக்கும். அது அயோடினைப் பிடித்துக்கொண்டு அடர்பழுப்பாகும். மாறிய செல்களில் அந்தச் சேமிப்பு கிடையாது. அவை கடுகு மஞ்சளாக நின்றுவிடும்.

வெளுக்கிற இடமெல்லாம் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. சாதாரண அழற்சியிலும் வெளுக்கும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவு சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிய பிறகே தீர்ப்பு. ஆனாலும் இந்தத் திட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கி வழியாக அதைப் படம் பிடிக்கலாம், பரப்பை அளக்கலாம், சில மாதம் கழித்து மறுபடியும் அளக்கலாம்.

லண்டனில் மருத்துவர் ஆன் ஷாரெவ்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த வசதியை வைத்து நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். சிகரெட் பிடிக்கும் பெண் ஒருவர், கருப்பை வாயில் லேசான மாற்றம் இருக்கும் நிலையில் சிகரெட்டை விட்டுவிட்டால், அந்தத் திட்டுக்கு என்ன ஆகும்? புகைப்பதை நிறுத்த விரும்பிய 82 பெண்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கண்காணிக்கப்பட்டார்கள். முடிவு 1996-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. புகையை அடியோடு விட்டவர்களில் 82 சதவீதம் பேருக்குத் திட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. தொடர்ந்து புகைத்தவர்களில் அப்படிச் சுருங்கியது 28 சதவீதம் பேருக்குத்தான். (பெண்களின் எண்ணிக்கையும் அந்தச் சதவீதமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) எவ்வளவுக்குச் சிகரெட் குறைந்ததோ அவ்வளவுக்குத் திட்டும் குறைந்திருந்தது.

புற்றுநோய்க்கும் பழக்கவழக்கங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, கடைசியில் ஓர் எண்ணைத் தருபவை. இங்கே ஆறே மாதத்தில், உயிருள்ள ஒரு பெண்ணின் உடலில், மாற்றம் படத்தில் தெரிந்தது. அளவில் மிகச் சிறிய இந்த ஆய்வுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான். எந்த அளவுக்கு இதை நம்பலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தத் திட்டு என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கருப்பையின் கழுத்து யோனிக்குள் திறக்கும் இடமே கருப்பை வாய். அதன் வெளிப்புறத்தைத் தட்டையான செல்கள் பல அடுக்காக மூடியிருக்கின்றன. உள்ளே போகும் குழாயில், சளி சுரக்கும் உயரமான செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லை ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. பருவமடையும்போதும் கருவுற்றிருக்கும்போதும் உள்செல்கள் வெளியே பிதுங்கி வரும். யோனியின் அமிலத்தன்மை பட்டு, நாளடைவில் அவையும் தட்டைச் செல்களாக மாறும். ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் இந்த வளையத்தில்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே தொடங்குகிறது.

தொடங்கி வைப்பது ஹெச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனின் ஆய்வுக்குழு 1983-இல் அதன் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் புற்றுத்திசுவில் கண்டறிந்தது. உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் மிகச் சிறியது. அதன் மரபுச் செய்தி மொத்தமே சுமார் 8,000 எழுத்துதான். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அது அடியடுக்குச் செல்லுக்குள் நுழைகிறது. அதன் இரண்டு புரதங்கள், இ6, இ7 என்பவை, செல்லின் இரண்டு காவல் புரதங்களை முடக்குகின்றன. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53-ஐ இ6 அழிக்கிறது. தேவையில்லாமல் செல் பெருகாதபடி பிடித்துவைக்கும் ஆர்.பி. புரதத்தை இ7 செயலிழக்கச் செய்கிறது. இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. வைரஸ் ரத்தத்தில் கலப்பதுமில்லை, செல்லைக் கொல்வதுமில்லை. அதனால் உடலின் எதிர்ப்பாற்றலுக்குச் செய்தி போய்ச் சேரவே தாமதமாகிறது.

பாலுறவு கொள்ளும் பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் தொற்றுகிறது. கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். "அந்த டெஸ்ட்டுல பாசிட்டிவ்னு வந்துருக்கு" என்று கேள்விப்பட்டதும் மனைவியைச் சந்தேகக்கண் கொண்டு பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பார்வைக்கு அறிவியலில் துளிகூட ஆதாரமில்லை. யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் உடல், இரண்டு ஆண்டுக்குள் வைரஸைத் தானாகவே அடக்கிவிடுகிறது. மீதமுள்ளவர்களிடம் அது தங்கிவிடும்போதுதான் திட்டு வளர்கிறது. மருத்துவர்கள் இதை சி.ஐ.என். 1, 2, 3 என்று படிநிலையாக எழுதுவார்கள். முதல் படி, வைரஸ் இருக்கிறது என்பதற்கான அடையாளம் என்ற அளவில்தான் இன்று பார்க்கப்படுகிறது. மூன்றாவது படியில் அடியிலிருந்து மேல்வரை எல்லா அடுக்கும் மாறியிருக்கும். அடித்தளச் சவ்வை மட்டும் இன்னும் துளைத்திருக்காது. துளைத்தால் அது புற்றுநோய். இடையிலுள்ள இரண்டாம் படிதான் ஆய்வாளர்களுக்குச் சுவாரசியமானது. அது எந்தப் பக்கமும் போகலாம். சிகிச்சை தராமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கப்பட்ட 3,160 பெண்களைப் பற்றிய 36 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இரண்டு ஆண்டில் பாதிப் பேருக்குத் திட்டு பின்வாங்கியிருந்தது. 32 சதவீதம் பேருக்கு அப்படியே இருந்தது. 18 சதவீதம் பேருக்கு முற்றியிருந்தது. முப்பது வயதுக்குக் குறைந்தவர்களில் பின்வாங்கியது 60 சதவீதம்.

ஆக, நடப்பது ஓர் இழுபறி. வைரஸ் ஒரு பக்கம், எதிர்ப்பாற்றல் மறுபக்கம். எதிர்ப்பாற்றல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களே சான்று: அவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது ஆண்டு பிடிக்கும் என்றால், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அது ஐந்து, பத்து ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது. அப்படியானால் இந்த இழுபறியில் வேறு எவையெல்லாம் கை வைக்கின்றன?

புகையிலை என்று முதலில் உரக்கச் சொன்னவர் அமெரிக்கத் தொற்றுநோயியலாளர் வாரன் விங்கெல்ஸ்டீன். ஆண்டு 1977. பலர் ஏற்கவில்லை. அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. புகை போவது நுரையீரலுக்கு. கருப்பை வாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் சளியில் இருந்தது. 1985-இல், புகைக்கும் பெண்களின் கருப்பை வாய்ச் சளியில் நிக்கோட்டினும், அது உடலில் சிதையும்போது உண்டாகும் கோட்டினினும் கண்டறியப்பட்டன. தொடர்ந்து வந்த ஆய்வில் நிக்கோட்டினின் அளவு ரத்தத்தில் இருந்ததைவிடச் சளியில் பன்மடங்கு அதிகமாகவே இருந்தது. நுரையீரலில் இழுத்த புகையின் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து, கருப்பை வாயின் சுரப்பிகள் வழியாக வெளியேறி, அங்கேயே தேங்குகின்றன. நிக்கோட்டின் மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். 1997-இல், புகையிலைக்கே உரிய புற்றூக்கியான என்.என்.கே. என்ற நைட்ரோசமைனும் அதே சளியில் அகப்பட்டது. வைரஸ் குடியேறிய செல்களின் மேல், நாள் முழுக்க, அந்தச் சளி படிந்திருக்கிறது. புகைப்பவர்களின் கருப்பை வாய்ச் செல்களில் டி.என்.ஏ. சேதமும் கூடுதலாக இருப்பது காட்டப்பட்டது.

எதிர்ப்பாற்றல் பக்கத்திலும் அடி விழுகிறது என்று நம்பக் காரணம் உண்டு. கருப்பை வாயின் மேலடுக்கில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவலாளிச் செல்கள் உலவுகின்றன. அந்நியப் பொருளைப் பிடித்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குத் தகவல் கொண்டுபோவது அவற்றின் வேலை. புகைப்பவர்களிடம் இவை குறைவாக இருப்பதாக 1988-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே, சளியில் கிடைத்த சான்று உறுதி. காவல் செல்களைப் பற்றிய சான்று இன்னும் கலங்கலாகவே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. புகைக்கும் பெண்களுக்கு வைரஸ் தொற்றும் வாய்ப்பே அதிகமாக இருந்தால்? அப்போது குற்றம் வைரஸ் மேல். புகை உடன் வந்தது, அவ்வளவுதான். இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, வைரஸ் உள்ள பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் ஒப்பிடுவது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பத்து ஆய்வுகளைச் சேர்த்து 2003-இல் அதைச் செய்தது. வைரஸ் உள்ளவர்களிலேயே, வாழ்நாளில் எப்போதேனும் புகைத்திருந்தவர்களுக்குத் தட்டைச் செல் புற்றுநோய் வாய்ப்பு 2.17 மடங்காக இருந்தது. 2006-இல் இன்னும் பெரிய தொகுப்பு வந்தது. 23 ஆய்வுகள், புற்றுநோய் வந்த 13,541 பெண்கள். இப்போது புகைப்பவர்களுக்கு வாய்ப்பு 1.60 மடங்கு. முன்பு புகைத்து விட்டுவிட்டவர்களுக்கு 1.12 மடங்கு மட்டுமே. அதே தொகுப்பில், சுரப்பிச் செல்களில் தோன்றும் வேறு வகைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் புகைக்கும் தொடர்பு தெரியவில்லை. காரணம் வாழ்க்கைமுறையில் பொதுவாக எங்கோ ஒளிந்திருந்தால் இரண்டு வகையும் சேர்ந்தே கூடியிருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது கூடாதிருப்பது, புகையின் மேல் விரலை நேராக நீட்டுகிறது.

இப்போது லண்டன் ஆய்வுக்குத் திரும்பலாம். அதன் பலவீனங்கள் வெளிப்படையானவை. யார் விட வேண்டும், யார் தொடர வேண்டும் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. அப்படிச் செய்வது அறமும் ஆகாது. விட்டவர்கள் தாமாக விட்டவர்கள். சிகரெட்டை விட முடிந்த பெண், அதே ஆறு மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம், நன்றாகத் தூங்கியிருக்கலாம். திட்டுகள் எல்லாம் லேசானவை. அவற்றில் பல தானாகவே பின்வாங்கக்கூடியவை. பரப்பு குறைவதும் படிநிலை குறைவதும் ஒன்றல்ல. இவ்வளவையும் கழித்த பிறகும் எனக்கு ஒன்று நிற்கிறது: சிகரெட் குறையக் குறையத் திட்டும் குறைந்தது. பத்தாண்டு கழித்து, வேறு நாடுகளில், வேறு பெண்களிடம் கணக்கெடுத்தபோது கிடைத்த அந்த 1.12 என்ற எண்ணும் இதையே சொல்கிறது. விட்டால் உடல் மீள்கிறது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, நம் பெண்கள் எங்கே சிகரெட் பிடிக்கிறார்கள் என்று தோன்றலாம். கணக்கு ஓரளவு அப்படித்தான். இந்தியாவில் 2016-17-இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். ஆனால் மெல்லும் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்பார்: "ஏம்மா, புகை பிடிக்கிற பழக்கம் எதுவும் உண்டா?" கேட்கப்பட்டவர் கொஞ்சம் சங்கடத்தோடு, "ஐயோ, அதெல்லாம் கெடையாதுங்க" என்பார். சீட்டில் 'இல்லை' என்று எழுதப்படும். அவர் இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில் வெற்றிலை இருக்கும், கொட்டைப்பாக்கு இருக்கும், சுண்ணாம்பு டப்பி இருக்கும், பேப்பரில் மடித்த புகையிலைத் துண்டும் இருக்கும். பல்வலிக்கு என்று ஆரம்பித்திருப்பார். அல்லது பசி தெரியாமல் களையெடுக்க. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

மெல்லும் புகையிலையிலும் அதே என்.என்.கே. இருக்கிறது. சென்னையில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், வெற்றிலை பாக்குப் போடும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. நாளொன்றுக்கு அதிகம் போடுபவர்களிடம் இன்னும் தெளிவாக. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் சிகரெட்டைப் பற்றி வாங்கிய அறிவுரையை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினால் நம் ஊர்ப் பெண்ணுக்கு அதில் எதுவும் இருக்காது என்பதற்கு இது போதும்.

அடுத்தவர் விடும் புகையும் கணக்கில் வர வேண்டும். அதே கணக்கெடுப்பில், வீட்டுக்குள் பிறர் விடும் புகைக்கு ஆளாகிறோம் என்று சொன்னவர்கள் 38.7 சதவீதம். கணவர் நாளொன்றுக்குப் பிடிக்கும் சிகரெட் எண்ணிக்கை கூடக் கூட, மனைவியின் கருப்பை வாய் மாற்றம் முற்றியதாக இருக்கும் வாய்ப்பும் கூடுவதாகச் சிங்கப்பூரில் ஓர் ஆய்வு காட்டியது. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் இன்னொரு கோணம்: வைரஸ் உள்ள பெண்களில், சமையலறையில் விறகு எரிப்பவர்களுக்குக் கருப்பை வாய் மாற்றங்கள் அதிகமாக இருந்தன. விறகுப் புகையிலும் பென்சோபைரீன் போன்ற புற்றூக்கிகள் உண்டு. காற்றுப்போக்கு இல்லாத அடுப்படியில் முப்பது ஆண்டு குனிந்து ஊதியவர்களை, புகைபிடிக்காதவர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். இங்கே சான்று மெலிந்துவிடுகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையம் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த 128 பெண்களையும், புற்றுநோய் இல்லை என்று உறுதியான 512 பெண்களையும் ஒப்பிட்டார்கள். மாதத்துக்கு நான்கு முறைகூட உடற்பயிற்சி செய்யாதவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு 2.43 மடங்கு. மாதத்துக்கு நான்கு முறை என்றால் வாரத்துக்கு ஒரு நடை. செய்தித்தாள்களுக்கு இது நல்ல தலைப்பு.

ஆனால் ஆய்வில் கேட்கப்பட்டது ஓய்வு நேர உடற்பயிற்சி. ஓய்வு நேரம் யாருக்கு இருக்கிறது? சம்பளம் போதுமானவருக்கு, இரண்டாவது வேலைக்கு ஓட வேண்டாதவருக்கு, காப்பீடு உள்ளவருக்கு. அவர்களே கருப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையையும் தவறாமல் செய்துகொள்பவர்கள். ஆய்வாளர்கள் இவற்றில் சிலவற்றைக் கணக்கில் கொண்டு திருத்தினார்கள். எல்லாவற்றையும் திருத்த முடியாது. நோய் வந்த பிறகு, பழைய பழக்கத்தை நினைவிலிருந்து சொல்வதிலும் பிசகு வரும். 2016-லேயே இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் தரவைத் திரட்டி, 26 வகைப் புற்றுநோய்களைப் பார்த்தார்கள். உடலுழைப்பு கூடியவர்களுக்கு 13 வகைகள் குறைவாக இருந்தன. மார்பகம், பெருங்குடல், கருப்பை உட்சுவர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கருப்பை வாய் இல்லை.

நம் ஊரைப் பார்த்தாலே இந்தச் சிக்கல் புரியும். நாற்று நடுபவர், செங்கல் சூளையில் சுமப்பவர், கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் எடுப்பவர், இவர்களைவிட அதிகம் உடல் அசைப்பவர் யார்? கருப்பை வாய்ப் புற்றுநோய் இவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. உழைப்பு காப்பாற்றவில்லை. பரிசோதனை அவர்களை எட்டவில்லை என்பதே பெரிய காரணம். எட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் சான்று கிடைத்திருக்கிறது. 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் ஒற்றி, வெறும் கண்ணால் பார்க்கும் பரிசோதனையைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு முறை செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தன.

உடற்பயிற்சி எதுவும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. உடலுக்குள் அது செய்வதைப் பார்த்தால் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலின் ஏறுகிறது. அது, வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுச் செல்களையும் கொல்லும் இயற்கைக் கொல்லிச் செல்களை ரத்த ஓட்டத்துக்குள் கிளப்பி விடுகிறது. கோபன்ஹேகனில் ஓர் ஆய்வுக்குழு 2016-இல் எலிகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. கூண்டுக்குள் சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குக் கட்டிகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைவாக வளர்ந்தன. இயற்கைக் கொல்லிச் செல்களை அகற்றியபோது அந்தப் பலன் போய்விட்டது. அழகான சோதனை. ஆனால் அந்த எலிகளுக்கு ஹெச்.பி.வி. இல்லை, அவற்றின் கட்டிகள் கருப்பை வாயில் வந்தவையும் அல்ல. நடைப்பயிற்சியால் சி.ஐ.என். திட்டு சுருங்கியது என்று, லண்டன் ஆய்வைப் போல அளந்து காட்டிய ஆய்வு என் பார்வைக்கு வரவில்லை.

உடல் பருமன் வழியாகவும் ஒரு மறைமுகத் தொடர்பு இருக்கிறது. வட கலிபோர்னியாவில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. பருமன் கூடக் கூட, முன்நிலை மாற்றம் கண்டுபிடிக்கப்படுவது குறைந்தது. புற்றுநோயாகக் கண்டுபிடிக்கப்படுவது கூடியது. பருத்த உடலில் கருப்பை வாயைச் சரியாகப் பார்ப்பதும் மாதிரி எடுப்பதும் கடினம், அதனால் மாற்றங்கள் தப்பிவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உடற்பயிற்சியால் இந்த நோயில் கிடைக்கக்கூடிய நிச்சயமான பயன் என்று கேட்டால் நான் வேறு திசையில் காட்டுவேன். புகையை விடுவதற்கு அது கைகொடுக்கும். அமெரிக்காவில் பெஸ் மார்கஸ் நடத்திய ஆய்வு 1999-இல் வந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, புகைக்கும் 281 பெண்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு அமர்வு ஆலோசனை. சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் ஒரு பாதிக்கு வாரம் மூன்று நாள் கடும் உடற்பயிற்சியும் சேர்ந்தது. ஓராண்டு கழித்தும் புகையைத் தொடாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 11.9 சதவீதம், மற்றக் குழுவில் 5.4 சதவீதம். சிகரெட்டை விட்டால் எடை ஏறும் என்று பல பெண்கள் அஞ்சுகிறார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு எடை ஏறியதும் குறைவுதான். பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நீண்டகாலப் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் ஆவல் எழும் நேரத்தில் பத்து நிமிடம் வேகமாக நடந்தால் அப்போதைக்கு அது தணிகிறது என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் சின்ன விஷயமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை இல்லாமல் இந்த அத்தியாயத்தை என்னால் எழுத முடியாது. திட்டு தானாகப் பின்வாங்கும் என்ற நம்பிக்கையை அளவுக்கு மீறி நீட்டியதால் நேர்ந்த கொடுமை ஒன்று மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். இன்று சி.ஐ.என். 3 என்று சொல்லப்படும் நிலை புற்றுநோயாக மாறாது என்பது அவர் கருத்து. 1966-இல் தொடங்கி, பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல், அவ்வப்போது பயாப்ஸி மட்டும் எடுத்துக் கவனித்து வந்தார். அந்தப் பெண்களில் பலருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. அதே மருத்துவமனையின் சகாக்கள் எச்சரித்தும் நிற்கவில்லை. 1987-இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் 'மெட்ரோ' இதழில் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, 1988-இல் அறிக்கை வந்தது.

அந்தப் பெண்களின் பதிவேடுகளை வைத்து 2008-இல் கணக்கு முழுமையாகப் பார்க்கப்பட்டது. பயாப்ஸியோடு மட்டும் விடப்பட்ட 143 பெண்களில், முப்பது ஆண்டுக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு 31.3 சதவீதம். இரண்டு ஆண்டுக்குள் மாற்றம் மறையாமல் நீடித்தவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 50 சதவீதம். முறையான சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.7 சதவீதம். சி.ஐ.என். 3-ஐச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்று உலகத்துக்கு இன்று தெரிந்திருப்பது இந்தப் பெண்களின் உயிரை விலையாகக் கொடுத்து. அவர்கள் சம்மதித்துக் கொடுத்த விலையல்ல அது.

ஆகவே பயாப்ஸி முடிவில் சி.ஐ.என். 3 என்று வந்தவர், நடைப்பயிற்சியும் வெற்றிலையை விடுவதும் போதும் என்று காத்திருக்கக் கூடாது. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெடுக்கும் 'லீப்' சிகிச்சை, மரத்துப்போகும் ஊசி போட்டு, பெரும்பாலும் அரைமணிக்குள் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகக்கூடியது. கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து வராமல் இருப்பவர்கள் பலர். இந்த நிலையில் பொதுவாக அதற்கு அவசியமே இருப்பதில்லை. சிகிச்சைக்குப் பிறகும் புகையிலைக் கேள்வி ஓயாது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மாற்றம் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

சி.ஐ.என். 1 என்று வந்தவருக்கும், இளவயதில் சி.ஐ.என். 2 என்று வந்து மருத்துவர் "பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்று சொன்னவருக்கும்தான் லண்டன் ஆய்வு நேரடியாகப் பேசுகிறது. அவர்கள் கையில் அடுத்த பரிசோதனை வரையிலான மாதங்கள் இருக்கின்றன. புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் அரசின் இலவச ஆலோசனை எண். மெல்லும் புகையிலையை விட நினைப்பவரும் அதில் பேசலாம். கணவரையும் கூட்டிவரச் சொல்வது நல்லது. அவர் பீடியைத் திண்ணைக்குக் கொண்டுபோனால் மட்டும் போதாது, விட வேண்டும் என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். பரிசோதனைச் சீட்டை எழுதுகிறவர், புகை உண்டா என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாமல், "வெத்தல போடுவீங்களா, போயில சேப்பீங்களா? வீட்டுல யாரு பீடி சிகரெட் பிடிக்கிறாங்க? சமையல் விறகுலயா, கேஸ்லயா?" என்றும் கேட்டு, பதிலை எழுதி, அதற்குக் கீழே அடுத்து வர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.